சர்க்கரை நோய் வந்த பூனைக்கு வீட்டிலேயே இன்சுலின் ஊசி: பாதுகாப்பாகப் போடுவது எப்படி?

பூனைக்கும் சர்க்கரை நோய் வருமா? வரும். நெல் மூட்டையையும் விதைக் கடலையையும் எலியிடமிருந்து காப்பதற்காக நாம் வளர்க்கும் பூனைக்கும், வீட்டுக்குள் செல்லமாக வளரும் பூனைக்கும் இந்த நோய் வரலாம். நடுத்தர வயதைக் கடந்த பூனை, உடல் பருத்த பூனை, கருத்தடை செய்த ஆண் பூனை ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம். தோல் அரிப்புக்கும் வாய்ப்புண்ணுக்கும் நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து கொடுத்த பூனைகளிலும் இது தலைகாட்டும்.

பூனையின் சர்க்கரை நோய்க்கு முக்கிய மருந்து இன்சுலின் ஊசி. பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை போட வேண்டும். அதற்காகத் தினமும் இரண்டு முறை மருந்தகத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாது. வீட்டில் உள்ளவர்தான் போட வேண்டும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து கொடுத்துப் பழகிய கைகளுக்கு இது கடினமான வேலை அல்ல. ஆனால் அளவில் செய்யும் சின்னத் தவறு ஒரே நாளில் பூனையின் உயிரை எடுத்துவிடும். ஆகவே முழுவதும் படித்துவிட்டு, உங்கள் கால்நடை மருத்துவர் நேரில் ஒரு முறை செய்து காட்டிய பிறகே ஊசியைக் கையில் எடுங்கள்.

நோயின் அறிகுறிகள்

பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேல் குடித்தால் அது இயல்பு அல்ல. அடிக்கடி, நிறைய சிறுநீர் கழிக்கும். கழித்த இடம் பிசுபிசுப்பாக இருக்கும், எறும்பு மொய்க்கலாம். நன்றாகத் தின்னும், ஆனால் உடல் மெலிந்துகொண்டே போகும். மயிர் பளபளப்பு இழந்து கலைந்து நிற்கும். நோய் முற்றினால் பின்னங்கால் நரம்பு தளர்ந்து, குதிகால் தரையில் படும்படி தாழ்ந்து நடக்கும். மதில் மேல் தாவிய பூனை திண்ணையில் ஏறக்கூடத் தயங்கும்.

சிறுநீரகக் கோளாறிலும் பூனை அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். எனவே அறிகுறியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஒரு பரிசோதனை போதாது

பூனையின் இரத்தத்தில் சர்க்கரை பொதுவாக 70 முதல் 120 மி.கி. வரை இருக்கும். ஆனால் பூனை பயந்த பிராணி. சாக்கில் கட்டி, பைக்கில் வைத்து, நாய் குரைக்கும் இடத்துக்குக் கொண்டு போனால், அந்தப் பயத்திலேயே சர்க்கரை 300ஐக்கூடத் தொடும். அதை நோய் என்று எண்ணி இன்சுலின் போட்டால் ஆபத்து. அதனால்தான் மருத்துவர் சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார். கடந்த இரண்டு வாரத்தின் சராசரி நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமின் என்ற இரத்தப் பரிசோதனையையும் செய்யச் சொல்வார். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் பூனைகளுக்கும் சிகிச்சை உண்டு. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் பரிசோதனை வசதி இல்லையென்றால், எங்கே போக வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் இன்சுலினைப் பூனைக்குப் போடலாமா?

வீட்டில் பெரியவர் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் இந்த எண்ணம் வருவது இயல்பு. மனிதருக்கான இன்சுலின் வகைகள் சிலவற்றை மருத்துவர்களே பூனைக்கும் எழுதித் தருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் எந்த வகை, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெரியவர் ஒரு வேளைக்கு 20 யூனிட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கிலோ பூனைக்குத் தொடக்கத்தில் மருத்துவர் எழுதுவது பெரும்பாலும் ஒரு வேளைக்கு 1 யூனிட் அளவில்தான் இருக்கும். அதிலும் பெரியவருடையது சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலினா, மெதுவாக வேலை செய்வதா, இரண்டும் கலந்ததா என்பது பெயரைப் பார்த்தால் நமக்குத் தெரியாது. அதேபோல் மனிதருக்கான சர்க்கரை மாத்திரையையும் பூனைக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

பூனைக்கும் பெரியவருக்கும் தனித்தனிக் குப்பி இருக்கட்டும். பூனையின் குப்பி மேல் 'பூனை' என்று எழுதித் தனி டப்பாவில் வையுங்கள். மாறிப் போனால் ஆபத்து இரண்டு பேருக்கும்தான்.

மிக முக்கியம்: 40ஆ, 100ஆ?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவில் கிடைக்கிறது. ஒன்றில், ஒரு மி.லி.யில் 40 யூனிட் இருக்கும். மற்றொன்றில், ஒரு மி.லி.யில் 100 யூனிட் இருக்கும். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. 40க்கான சிரிஞ்சுக்குப் பொதுவாகச் சிவப்பு மூடி, 100க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. நிறத்தை மட்டும் நம்பாமல், சிரிஞ்சின் மேல் அச்சடித்த எண்ணையும் குப்பியின் மேல் உள்ள எண்ணையும் படித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மாறினால் என்ன ஆகும்? 100 குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் 1 யூனிட் கோடு வரை ஏற்றினால், உள்ளே வருவது 1 யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். பூனைக்கு இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். 40 குப்பியிலிருந்து 100 சிரிஞ்சில் 1 யூனிட் ஏற்றினால், உள்ளே வருவது அரை யூனிட்டுக்கும் குறைவு. பூனைக்கு நோய் குறையாது. 'மருந்து வேலை செய்யவில்லை' என்று அளவைக் கூட்டத் தோன்றும். பிறகு ஒரு நாள் சரியான சிரிஞ்ச் கைக்கு வந்தால், கூட்டிய அளவு அப்படியே உள்ளே போகும்.

கடையில் சிரிஞ்ச் வாங்கும்போது பழைய சிரிஞ்சின் உறையையும் குப்பியின் அட்டையையும் கையில் கொண்டு போங்கள். 'இது இல்லை, அதை வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஒன்றுதான்' என்று கடையில் சொன்னால் வாங்காதீர்கள். மாட்டு ஊசிக்குப் பயன்படும் 2 மி.லி., 5 மி.லி. சிரிஞ்சில் இன்சுலினை அளக்கவே முடியாது. 40 செறிவில் 1 யூனிட் என்பது ஒரு மி.லி.யில் 40இல் ஒரு பங்குதான்.

ஊசியின் நீளத்தையும் பாருங்கள். மிகவும் குட்டையாக இருந்தால் மயிருக்குள்ளேயே நின்றுவிடும். 8 மி.மீ. ஊசி பொதுவாகப் போதுமானது. ஒரு சிரிஞ்சை ஒரு முறை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இன்சுலினைப் பாதுகாத்து வைப்பது

பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். ஐஸ் உறையும் பெட்டியில் வைக்கக் கூடாது. ஒரு முறை உறைந்துபோன இன்சுலினைத் திரும்ப உருக்கிப் பயன்படுத்த முடியாது. தூக்கிப் போட வேண்டியதுதான். அடிக்கடி திறந்து மூடும் கதவுத் தட்டைவிட உள்தட்டு நல்லது.

பிரிட்ஜ் இல்லாத வீட்டில், பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானை வைத்து, இடையில் ஈர மணல் நிரப்பி, நிழலான, காற்றோட்டமான இடத்தில் வைக்கலாம். குப்பியை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்பானையில் வைத்து, ஈரத் துணியால் மூடுங்கள். தினமும் மணலை நனைக்க வேண்டும். இது பிரிட்ஜுக்கு ஈடாகாது. சித்திரை, வைகாசி வெயிலில் குப்பியை ஓட்டு வீட்டின் பரணிலும் சமையல் மேடையிலும் வைப்பதைவிட எவ்வளவோ மேல். இப்படி வைக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். குப்பியை எத்தனை நாளில் மாற்றுவது என்று அவர் சொல்வார்.

கடையிலிருந்து கொண்டு வரும்போது பைக் பெட்டிக்குள் வெயிலில் வைக்காதீர்கள். வாய் அகன்ற பிளாஸ்க்கில் வைத்துக் கொண்டு வரலாம். ஐஸ்கட்டி வைத்தால், குப்பியைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குப்பியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். திறந்த பிறகு எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்பது அட்டையில் இருக்கும்; பல வகைகளுக்கு அது 28 நாள். பூனைக்குத் தேவையான அளவு மிகக் குறைவு என்பதால் குப்பியில் பாதிக்கு மேல் மீதம் இருக்கும். மனசு வராதுதான். ஆனாலும் வீரியம் போன மருந்தைப் போட்டுப் பயனில்லை.

நேரமும் தீனியும்

காலை 6 மணி, மாலை 6 மணி என்று வைத்துக்கொள்வது வசதி. பால் கறக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். பல வீடுகளில் காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் இடையே 12 மணி நேரம் இருப்பதில்லை. கறவை நேரத்துக்கு ஊசியை இழுக்காதீர்கள். வீட்டில் இரண்டு வேளையும் கட்டாயம் ஆள் இருக்கும் நேரமாகத் தேர்வு செய்யுங்கள்.

முதலில் தீனி, பிறகு ஊசி. இதுதான் விதி. தட்டில் தீனியை வைத்து, பூனை வழக்கம் போலத் தின்கிறதா என்று பாருங்கள். தின்றால், தின்னும்போதோ தின்று முடித்தவுடனோ ஊசி போடலாம். தின்ன மறுத்தாலும் வாந்தி எடுத்தாலும் ஊசி போடாமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். பாதி மட்டும் தின்றால் எவ்வளவு போடுவது என்பதை முன்கூட்டியே அவரிடம் கேட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வயல்வெளியில் சுற்றும் பூனையாக இருந்தால் இங்கேதான் சிக்கல். ஊசி நேரத்துக்கு வீட்டுக்கு வராது. வெளியே எலியோ ஓணானோ தின்றிருக்கலாம், தின்னாமலும் இருக்கலாம். இன்சுலின் தொடங்கிய பூனையை, குறைந்தது அளவு நிலைப்படும் வரையாவது, வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். ஊசி நேரத்துக்குத்தான் தீனி என்று பழக்கினால், பத்து நாளில் அதுவே வந்து நிற்கும்.

மருந்தை ஏற்றும் முறை

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

2. குப்பியைப் பாருங்கள். சில இன்சுலின் பால் போலக் கலங்கி இருக்கும். அடியில் மாவு போலப் படிந்திருக்கும். அதை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து, திரி உருட்டுவது போல மெதுவாகப் பத்து முறை உருட்டுங்கள். வேகமாகக் குலுக்கினால் நுரை வந்து அளவு தவறும். கிளார்ஜின் போன்ற சில இன்சுலின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். அதை உருட்ட வேண்டியதில்லை; எதனோடும் கலக்கவும் கூடாது. தெளிவாக இருக்க வேண்டியது கலங்கினாலோ, கலங்கலானதில் உருட்டிய பிறகும் கட்டி தெரிந்தாலோ அந்தக் குப்பி வேண்டாம். சில நிறுவனத் தயாரிப்புகளில் வேறு மாதிரி கலக்கச் சொல்லியிருக்கும். குப்பியோடு வரும் தாளில் உள்ளபடி செய்யுங்கள்.

3. குப்பியின் ரப்பர் மூடியைச் சுத்தமாகத் துடையுங்கள். போட வேண்டிய யூனிட் அளவுக்குச் சிரிஞ்சில் காற்றை இழுத்து, ஊசியை ரப்பரில் குத்தி, அந்தக் காற்றைக் குப்பிக்குள் செலுத்துங்கள்.

4. குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, தேவையானதைவிடச் சற்று அதிகமாக இழுங்கள். குமிழி இருந்தால் விரலால் தட்டி மேலே வரவைத்துக் குப்பிக்குள்ளேயே தள்ளுங்கள். பிறகு சரியான கோட்டில் நிறுத்துங்கள்.

5. கண்ணுக்கு நேராக, நல்ல வெளிச்சத்தில் கோட்டைப் பாருங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். முடிந்தால் வீட்டில் இன்னொருவரையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். பூனைக்கு 1 யூனிட் என்பது பல சிரிஞ்சுகளில் நுனியில் ஒரே ஒரு கோடு. ஒரு கோடு தவறினால் அளவு இரட்டிப்பாகும்.

ஊசி போடும் முறை

மாட்டுக்குச் சதையில் ஊசி போட்டுப் பழகியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். இன்சுலினைச் சதையில் போடக் கூடாது. தோலுக்கும் சதைக்கும் இடையே, தோலுக்கு அடியில்தான் போட வேண்டும்.

1. பூனை தட்டில் தின்றுகொண்டிருக்கும்போது பக்கத்தில் அமருங்கள். துரத்திப் பிடிப்பது, காலைக் கட்டுவது, சாக்கில் போடுவது எதுவும் தேவையில்லை. மிரளும் பூனையை மட்டும் ஒரு துண்டில் தளர்வாகச் சுற்றி, இன்னொருவர் பிடித்துக்கொள்ளலாம்.

2. விலாப்பக்கம், தோள்பட்டைக்குப் பின்புறம், இடுப்புக்கு முன்புறம் ஆகிய இடங்களில் தோல் தளர்வாக இருக்கும். பிடரித் தோலிலும் போடலாம்; ஆனால் தினமும் அங்கேயே போட்டால் தோல் தடித்து, மருந்து சரியாக உறிஞ்சப்படாது. காலையில் வலப்பக்கம், மாலையில் இடப்பக்கம் என்று மாற்றுங்கள். ஒரே பக்கத்திலும் ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை தள்ளிப் போடுங்கள்.

3. பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மெல்லத் தூக்குங்கள். கூடாரம் போல எழும்பும். அதன் அடிவாரத்தில், சற்றுச் சாய்வாக ஊசியைச் செலுத்துங்கள். தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலிக்கும். ஒரே நிதானமாகச் செலுத்தினால் பூனை தலையைக்கூட நிமிர்த்தாது.

4. ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்துவிடாமல் பாருங்கள். உங்கள் விரல் ஊசி போகும் பாதையில் இருக்கக் கூடாது.

5. தண்டை முழுவதும் அழுத்தி, இரண்டு நொடி நிறுத்தி, ஊசியை நேராக வெளியே எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

6. போட்ட இடத்தில் மயிரைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மருந்து உள்ளே போயிருக்கிறது. ஈரமாக இருந்து, இன்சுலினின் மருந்து வாடை வந்தால் வெளியே சிந்தியிருக்கிறது. இதனால்தான் ஊசிக்கு முன் அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டாம் என்கிறோம். துடைத்தால் சிந்தியது தெரியாது, அந்த வாடையும் பூனைக்குப் பிடிக்காது.

முதல் இரண்டு நாள் கை நடுங்குவது இயல்பு. மருத்துவரிடம் பழகும்போதே உப்பு நீரை வைத்து ஒன்றிரண்டு முறை போட்டுப் பார்க்கக் கேளுங்கள்.

தவறு நடந்துவிட்டால்

மருந்து சிந்திவிட்டது, எவ்வளவு உள்ளே போனது என்று தெரியவில்லை. என்ன செய்வது? திரும்பப் போடாதீர்கள். அடுத்த வேளை வரை விட்டுவிடுங்கள். ஒரு வேளை இன்சுலின் குறைந்தால் பூனைக்கு அன்று சர்க்கரை கூடும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு போனால் அன்றே உயிர் போகலாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளையில் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. கொஞ்ச நேரம்தான் தாமதம் என்றால் போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு, அடுத்த வேளையில் வழக்கமான அளவைப் போடுங்கள்.

ஒரே வேளைக்கு இரண்டு பேர் போடுவதும் நடக்கும். அப்பா போட்டுவிட்டு வயலுக்குப் போயிருப்பார்; அது தெரியாமல் மகளும் போட்டுவிடுவாள். இதைத் தடுக்க ஒரே வழி, காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் போட்டவுடன் குறியிடுவதுதான். குறி இருந்தால் யாரும் தொடக் கூடாது. குறி இல்லை, ஆனால் போட்டாயிற்றா என்று சந்தேகமாக இருக்கிறது என்றாலும் போட வேண்டாம். 'போட்டோமா, இல்லையா' என்ற சந்தேகம் வரும் ஒவ்வொரு முறையும், போடாமல் இருப்பதே பாதுகாப்பு.

சர்க்கரை தாழ்ந்துவிட்டால்: உடனே செய்ய வேண்டியது

இன்சுலின் அதிகமானாலோ, பூனை தின்னாமல் இருந்தாலோ இரத்தச் சர்க்கரை 60 மி.கி.க்குக் கீழே இறங்கும். பூனை சோர்ந்து போகும் அல்லது திடீரென்று பசியால் தவிக்கும். தள்ளாடும், நடுங்கும், வெறித்துப் பார்க்கும், மூலையில் போய் ஒளியும். முற்றினால் வலிப்பு வரும், நினைவு தப்பும்.

விழித்திருந்து, விழுங்க முடிந்தால், உடனே அதற்குப் பிடித்த தீனியை வையுங்கள். தின்னவில்லையென்றால் தேனையோ, தண்ணீரில் குழைத்த குளுக்கோஸ் பவுடரையோ, கெட்டியான சர்க்கரைக் கரைசலையோ விரலால் ஈறில் தடவுங்கள்.

வலிப்பு வந்தாலோ நினைவு இல்லாவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பற்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள். உதட்டைச் சற்று ஒதுக்கி, வெளிப்பக்க ஈறில் மட்டும் தேனைத் தடவிக்கொண்டே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். வழியிலும் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தடவுங்கள்.

தேன் தடவியதும் பூனை எழுந்து நடந்தால் 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிடக் கூடாது. இன்சுலின் இன்னும் பல மணி நேரம் உடலில் வேலை செய்யும். தேன் தீர்ந்ததும் மீண்டும் விழும். தெளிந்தவுடன் தீனி கொடுத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் வரை அடுத்த ஊசி வேண்டாம்.

இன்சுலின் குப்பி இருக்கும் டப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பாட்டில் தேனும் மருத்துவரின் போன் எண்ணும் எப்போதும் இருக்கட்டும்.

வீட்டில் கண்காணிப்பது

ஒரு பள்ளி நோட்டுப் போதும். தேதி, தின்ற அளவு, போட்ட யூனிட், தண்ணீர் குடித்த அளவு, வாரம் ஒரு முறை எடை. பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, கழித்தால் எடை தெரியும். தண்ணீர் குடிப்பது குறைந்து எடை ஏறினால் சிகிச்சை சரியான வழியில் போகிறது.

காதின் ஓரத்தில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்க்கவும் கற்றுக்கொள்ளலாம். முதலில் வெதுவெதுப்பான துணியைக் காதில் ஒற்றினால் இரத்தம் எளிதாக வரும். மனிதருக்கான மீட்டர் பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதை மறக்காதீர்கள். எந்த மீட்டர் என்று சொல்லி, எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணைப் பார்த்து நீங்களாக யூனிட்டைக் கூட்டாதீர்கள். அளவு நிலைப்படச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை பொறுமை வேண்டும்.

தீனியை மாற்றும்போது எச்சரிக்கை

பூனை இறைச்சி தின்னும் பிராணி. பால் சோறும் மீன் குழம்புச் சோறும் நம் வழக்கமே தவிர, அதன் இயல்பு அல்ல. சர்க்கரை நோய் வந்த பூனைக்குச் சோறு, பால், பிஸ்கட், ரொட்டி இவற்றைக் குறைத்து, வேகவைத்த மீன், கோழி, முட்டை ஆகியவற்றைக் கூட்டுவது நல்லது. முள்ளை எடுத்துவிடுங்கள், வெங்காயம், பூண்டு, மசாலா கூடாது. இறைச்சியை மட்டுமே கொடுத்தால் வேறு சத்துகள் குறையும் என்பதால், தீனி முறையையும் மருத்துவரிடமே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் இன்சுலின் போடும் பூனைக்குச் சோற்றை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. சோறு குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவே போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் படிப்படியாக மாற்றுங்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சீக்கிரம் சிகிச்சை தொடங்கி, தீனியும் சரியாக இருந்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாத நிலை வரும். அந்த நேரத்தில், நேற்று வரை சரியாக இருந்த அளவே இன்று அதிகமாகிவிடும். எனவே நன்றாகத் தேறிவரும் பூனையை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

எப்போது உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

ஒரு நாள் முழுவதும் தின்னவில்லை, தொடர்ந்து வாந்தி எடுக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற வாடை அடிக்கிறது என்றால், இன்சுலின் போதாமல் உடலில் அமிலம் சேர்ந்திருக்கலாம். இது வீட்டில் பார்க்கக்கூடியது அல்ல. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். கால்நடை உதவி எண் 1962இல் அழைத்து, அருகில் எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று கேட்கலாம்.

ஊசியைக் குப்பைக் குழியில் போடாதீர்கள்

ஒரு நாளைக்கு இரண்டு சிரிஞ்ச் என்றால் ஒரு வருடத்தில் எழுநூறுக்கு மேல். அவற்றை எருக்குழியில் போட்டால் அடுத்த பருவத்தில் எருவோடு வயலுக்குப் போகும். எரு அள்ளுபவர் கையிலும் நாற்று நடுபவர் காலிலும் குத்தும். மூடியைத் திரும்ப மாட்ட முயன்றால் உங்கள் விரலில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில், போட்டவுடன் ஊசியோடு அப்படியே போட்டு, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடி ஒட்டி, கால்நடை மருந்தகத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு ஒப்படையுங்கள்.

ஊசி போடும்போது பூனை கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநோய் பூனை மூலமும் பரவும். பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

தொடங்கும் முன் வீட்டில் பேசி முடிவெடுங்கள்

இன்சுலின், சிரிஞ்ச், பரிசோதனை என்று மாதாமாதம் செலவு இருக்கிறது. அதைவிடப் பெரியது, இரண்டு வேளையும் தவறாமல் ஒருவர் வேண்டும் என்பது. நடவு நாளிலும் அறுவடை நாளிலும் திருவிழாவுக்கு வெளியூர் போகும் நாளிலும் யார் போடுவது? குறைந்தது இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். செலவைத் தாங்க முடியுமா என்ற கவலை இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தொடங்கிவிட்டுத் திடீரென்று நிறுத்துவது பூனைக்கு நல்லது அல்ல.

சுருக்கமாக நினைவில் வைக்க:

குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

முதலில் தீனி, பிறகு ஊசி.

சந்தேகம் வந்தால் போடாதீர்கள். இரண்டாவது முறை ஒருபோதும் போடாதீர்கள்.

போட்டவுடன் காலண்டரில் குறியிடுங்கள்.

தேனும் மருத்துவரின் எண்ணும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, இன்சுலின் டப்பா இருக்கும் இடத்துக்கு மேலே ஒட்டி வையுங்கள்.